ஆண் குழந்தையின்மை ஆராய்ச்சியாளர் ஒருத்தரோட ரெக்கார்டை எப்படிப் படிக்கிறது? டேவிட் பேஜை வச்சுப் பாப்போம்

என் தம்பிக்குக் கல்யாணமாகி 5 வருஷம் குழந்தை இல்ல, அதுல முதல் 3 வருஷம் எல்லா டெஸ்ட்டும் அவன் பொண்டாட்டிக்குத்தான், ஸ்கேன், ஹார்மோன், ட்யூப்ல அடைப்பு இருக்கான்னு, கூடவே விரதம், அரசமரம், சொந்தக்காரங்க பேச்சு எல்லாம் அந்தப் பொண்ணு தலையிலதான். கடைசில ஒரு டாக்டர் முதல்ல இவனோட விந்தைப் பாக்கலாம்னு சொன்னப்புறம்தான் விந்தணுவே இல்லன்னு தெரிஞ்சுது, அதுக்கப்புறம் ஒய் குரோமோசோம் டெஸ்ட், அதுல "ஏஇசட்எஃப்-சி டெலீஷன்"னு ஒரே ஒரு வரி, அதாவது ஒய்ல ஒரு குறிப்பிட்ட துண்டு காணோம்னு. அந்த ஒரு வரிய விளக்க ஆள் தேடிப் போனப்பதான் ஒவ்வொரு இடத்துலயும் இவருக்கு 200 கட்டுரை, அவருக்கு 300 கட்டுரைன்னு நோட்டீஸ்ல போட்டிருந்தாங்க. 300 கட்டுரைன்னா என்ன அர்த்தம், அதுல என் தம்பிக்கு உதவுறது எத்தன, இத எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு நான் உக்காந்து கத்துக்கிட்டதுதான் இது. நான் டாக்டர் இல்ல, ஆனா படிக்கத் தெரிஞ்ச யாரும் இதப் பண்ணலாம், பண்ணணும்னு நெனைக்கிறேன்.

உதாரணத்துக்கு அமெரிக்காவுல மாசசூசெட்ஸ்ல வைட்ஹெட் இன்ஸ்டிடியூட்ல இருக்குற டேவிட் பேஜ எடுத்துக்குறேன். ஏன் அவர்னா, ஒய் குரோமோசோம்ங்கிற ஒரே விஷயத்த 40 வருஷத்துக்கு மேல விடாம பிடிச்சிருக்காரு, அதுல பெரிய கண்டுபிடிப்பும் இருக்கு, ஊரறிஞ்ச ஒரு தப்பும் இருக்கு, அந்தத் தப்ப அவர் கையாண்ட விதமும் பதிவாகியிருக்கு, அதோட நம்ம கைல வர்ற லேப் ரிப்போர்ட் வரைக்கும் அவரோட வேலை வந்து நிக்குது. ஒருத்தர முழுசா படிச்சுப் பழகிட்டா அடுத்தவங்கள படிக்கிறது ஈஸி.

முதல் வேலை, சரியான ஆளத்தான் பாக்குறோமான்னு உறுதி பண்றது. பப்மெட்னு ஒரு தளம் இருக்கு, அமெரிக்க அரசோட மருத்துவ நூலகம் நடத்துறது, காசு கிடையாது, அதுல குடும்பப் பேர முதல்லயும் இனிஷியல புள்ளி இல்லாம பின்னாடியும் போட்டு ஆசிரியர் பேர்னு குறிச்சுத் தேடணும். பேஜ்னு மட்டும் போட்டா சம்பந்தமில்லாத ஆளுங்க கட்டுரையெல்லாம் வந்து கொட்டும், "டி.சி" சேத்துப் போட்டா கொறையும், அப்பவும் எந்த இன்ஸ்டிடியூட்னு பாத்து வடிகட்டணும். நம்ம ஊர் ஆராய்ச்சியாளர்கள தேடுறப்ப இது இன்னும் முக்கியம், ஏன்னா நமக்குக் குடும்பப் பேர்னு ஒண்ணு கிடையாது, அப்பா பேரோட முதல் எழுத்துதான் இனிஷியல், ஆனா ஜர்னல் ஃபார்ம் கடைசிப் பேர் கேக்கும், அதனால ஒரே ஆள் ஒரு கட்டுரையில சொந்தப் பேர்லயும் இன்னொண்ணுல அப்பா பேர்லயும் நிப்பாங்க. "குமார் எஸ்"னு தேடினா எத்தனையோ பேர் கலந்து வருவாங்க, அந்த மொத்த எண்ணிக்கைய ஒரே ஆள் கணக்குல எழுதுறதும் நடக்குது. இதுக்காகத்தான் ஆர்கிட்னு 16 இலக்க நம்பர் ஒண்ணு வந்துச்சு, அந்த ஆளோட ஆர்கிட் பக்கம் இருந்தா அதுலேருந்து ஆரம்பிங்க.

பட்டியல் வந்ததும் எல்லாரும் எத்தன கட்டுரை, எத்தன பேர் மேற்கோள் காட்டியிருக்காங்கன்னுதான் பாப்பாங்க, ஹெச்-இன்டெக்ஸ்னு ஒரு நம்பர் இருக்கும், 2005ல ஹிர்ஷ்னு ஒரு இயற்பியல்காரர் சொன்ன கணக்கு அது, 50ன்னா குறைஞ்சது 50 தடவயாவது மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை 50 இருக்குன்னு அர்த்தம், அவ்வளவுதான், அந்த வேலை சரியா தப்பான்னு அது சொல்லாது. நீங்க அத விட்டுட்டு பழசுலேருந்து புதுசுக்கு வரிசை மாத்திட்டு தலைப்புகள மட்டும் படிச்சுட்டே வாங்க, காபி குடிக்கிற நேரம் போதும். ஒரே கேள்வி தொடர்ந்து வருதா, இல்ல இந்த வருஷம் சர்க்கரை நோய், அடுத்த வருஷம் முடி கொட்டுறது, அதுக்கடுத்த வருஷம் விந்தணுன்னு தாவுதான்னு தலைப்புலயே தெரிஞ்சிடும்.

பேஜோட தலைப்புகள வரிசையா படிச்சா ஒரு கதை மாதிரியே போகும். 1987ல ஆண் பெண் தீர்மானிக்கிற ஜீன் எது, 1992ல ஒய் குரோமோசோமுக்கு மேப், 1995ல விந்தணு இல்லாதவங்களுக்கு ஒய்ல எந்தத் துண்டு காணோம், 1999ல அந்தக் குறை மகனுக்குப் போகுமா, 2001ல அந்தத் துண்டு ஏன் திரும்பத் திரும்ப அதே எடத்துல உடையுது, 2003ல ஒய்யோட டிஎன்ஏ எழுத்து வரிசை, 2012ல குரங்கோட ஒய்யும் மனுஷனோட ஒய்யும் ஒப்பிட்டா என்ன தெரியுது. ஒவ்வொண்ணும் முந்தினதுலேருந்து மொளச்சு வருது பாருங்க, எனக்கு 300ங்கிற நம்பர விட இதுதான் பெருசு.

அடுத்தது பேர் எந்த இடத்துல இருக்குன்னு பாக்குறது. இந்தத் துறையில முதல் பேர் வழக்கமா லேப்ல கை வச்சு வேலை பாத்தவங்க, கடைசிப் பேர் லேபோட தலைவர், நடுவுல இருக்குறவங்க சாம்பிள் கொடுத்தவங்களா இருக்கலாம், கணக்குப் போட்டவங்களா இருக்கலாம், அதுவும் வேலைதான், ஆனா ஒருத்தரோட 300ல 250 நடுப் பேரா இருந்தா கேள்வி அவரோடது இல்லன்னு புரிஞ்சுக்கலாம். 1995 நேச்சர் ஜெனடிக்ஸ் கட்டுரையில முதல் பேர் ரெனே ரெய்யோ, அப்ப அவங்க பேஜ் லேப்ல வேலை பாத்தாங்க, கடைசிப் பேர் பேஜ், அதுக்கு முந்தின பேர் ஷெர்மன் சில்பர், செயின்ட் லூயிஸ்ல குழந்தையின்மைக்கு சிகிச்சை குடுக்குற டாக்டர். லேப்காரரும் நேரா நோயாளியப் பாக்குற டாக்டரும் ஒரே கட்டுரையில இருக்குறது நல்ல அறிகுறி, ஏன்னா இந்த விஷயத்துல நோயாளியோட ரத்தமும் சம்மதமும் இல்லாம ஒண்ணும் நகராது. இன்னொரு வடிகட்டியும் போடுங்க, ரிவ்யூ கட்டுரைகள தனியா பிரிச்சிடுங்க, அது மத்தவங்க வேலைய தொகுத்து எழுதுறது, படிக்க நல்லா இருக்கும் ஆனா புதுக் கண்டுபிடிப்புக் கணக்குல சேராது.

இப்ப ஒரே ஒரு கட்டுரைய எடுத்து உள்ள போங்க, நம்ம பிரச்சனைக்கு ரொம்பக் கிட்ட இருக்குறத. என் தம்பி விஷயத்துல அது அந்த 1995 கட்டுரை. சுருக்கம் மட்டும் படிச்சாலே போதும், ஆனா நாலு கேள்வி கேட்டுட்டே படிங்க, எத்தன பேரப் பாத்தாங்க, யார் அவங்க, யாரோட ஒப்பிட்டாங்க, என்ன வித்தியாசம். அதுல விந்தணுவே இல்லாத 89 பேரப் பாத்து 12 பேருக்கு ஒய்ல ஒரே பகுதிய ஒட்டி துண்டு காணாம போயிருக்குன்னு கண்டுபிடிச்சாங்க, குழந்தை பெத்த 90 ஆம்பளைங்கள பாத்ததுல ஒருத்தருக்குக்கூட அது இல்ல. அந்த 90 பேர்தான் இந்தக் கட்டுரையோட உயிர். அவங்க இல்லன்னா அந்தத் துண்டு ஊர்ல பாதிப் பேருக்கு இல்லாம இருந்து எந்தக் கெடுதலும் பண்ணாத சமாச்சாரமாக்கூட இருக்கலாம், நமக்குத் தெரியவே தெரியாது. விந்தணு விஷயத்துல "எங்க மருந்து சாப்பிட்டு 40 பேருக்கு எண்ணிக்கை கூடுச்சு"ன்னு வர்ற கட்டுரைகள்ல இந்த ஒப்பீட்டுக் கூட்டம் இருக்கான்னு முதல்ல பாருங்க, ஏன்னா விந்தணு எண்ணிக்கை ஒரே ஆளுக்கே வாரத்துக்கு வாரம் ஏறி இறங்கும், ஒரு காய்ச்சல் வந்தாலே ரெண்டு மூணு மாசத்துக்குக் கொறையும், மருந்தே இல்லாமயும் கூடும்.

ஜெனடிக்ஸ் கட்டுரையா இருந்தா இன்னொரு கேள்வி, அப்பாவோட ஒய்ய பாத்தாங்களா? மகனோட ஒய் அப்பாகிட்டேருந்துதான் வருது, அப்பாவுக்குக் குழந்தை பொறந்திருக்கு, அதான் இந்த மகன். அப்பாவுக்கும் அதே துண்டு இல்லாம இருந்தா அதுதான் காரணம்னு சொல்றது கஷ்டமாயிடும், அப்பாவுக்கு இருந்து மகனுக்கு மட்டும் இல்லன்னா ஆதாரம் பலமாகுது. ஒய்ல துண்டு போனா விந்தணு வராதோன்னு முதல்ல சந்தேகம் கிளப்புனது இத்தாலிக்காரங்க, தியெபோலோவும் ஸுஃபார்டியும், 1976ல, 1170 ஆம்பளைங்கள மைக்ரோஸ்கோப்ல பாத்து 6 பேருக்கு ஒய்யோட நீளக் கை முனை இல்லன்னு சொன்னாங்க. அத இங்க எதுக்குச் சொல்றேன்னா, ஒருத்தரோட ரெக்கார்ட படிக்கிறப்ப அவருக்கு முன்னாடி யார் என்ன செஞ்சாங்கன்னும் பாக்கணும், நல்ல கட்டுரை முதல் பத்தியிலயே முன்னோடிகள் பேரச் சொல்லிடும்.

இப்ப முக்கியமான இடத்துக்கு வர்றேன், தப்பு. யாரோட ரெக்கார்டிலயும் நான் முதல்ல தேடுறது இதத்தான்.

1987 டிசம்பர்ல பேஜோட லேப் செல் பத்திரிகையில ஒரு கட்டுரை போட்டாங்க, கரு ஆணா மாறுறதத் தீர்மானிக்கிற ஜீன் இருக்குற எடத்தக் கண்டுபிடிச்சுட்டோம், அங்க இருக்குற ஜீன் இதுதான்னு. பின்னாடி அதுக்கு இசட்எஃப்ஒய்னு பேர் வந்துச்சு. அவங்க எப்படிப் போனாங்கன்னா, எக்ஸ்எக்ஸ், அதாவது பொண்ணுங்களுக்கு இருக்குற குரோமோசோம் ஜோடி இருந்தும் ஆணா பொறந்தவங்களுக்கு ஒய்யோட ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருக்கும், ஒய்யோட பெரும்பகுதி இருந்தும் பெண்ணா பொறந்த ஒருத்தருக்கு ஒரு துண்டு காணாம இருந்துச்சு, ரெண்டையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தா பொதுவா எந்த எடம் வருதோ அங்கதான் ஜீன். யோசனை ரொம்ப அழகு. ஆனா 1989ல லண்டன்ல பீட்டர் குட்ஃபெலோ குழு, ஒய் துண்டு ஒட்டுன எக்ஸ்எக்ஸ் ஆண்கள் சிலருக்கு அந்த இசட்எஃப்ஒய் இல்லவே இல்லன்னு காட்டுனாங்க. 1990ல அதே லண்டன்காரங்க, குட்ஃபெலோவும் ராபின் லவல்-பேட்ஜும் சேந்து எஸ்ஆர்ஒய்ங்கிற உண்மையான ஜீன கண்டுபிடிச்சாங்க, 1991ல எக்ஸ்எக்ஸ் எலிக்கு அந்த ஜீன குடுத்து ஆண் எலியா ஆக்கியும் காட்டுனாங்க. பேஜ் தோத்துட்டாரு.

ஆனா பட்டியல்ல அடுத்து என்ன இருக்கு பாருங்க. அதே 1990ல நேச்சர்ல பேஜ் ஒரு சின்னக் கட்டுரை போட்டிருக்காரு, தன்னோட பழைய முடிவு எதனால தப்பாப் போச்சுன்னு. முதல் கட்டுரைக்கு அடிப்படையா இருந்த அந்தப் பெண்ணோட டிஎன்ஏவ திரும்ப எடுத்துப் பாத்தா அவங்களுக்கு ஒண்ணு இல்ல ரெண்டு எடத்துல துண்டு காணோம், அந்த ரெண்டாவது எடத்துலதான் எஸ்ஆர்ஒய் இருக்கவேண்டியது, முதல் தடவ அது கண்ணுல படல. தன் பேர்லயே, அதே அளவு பெரிய பத்திரிகையில, ஆதாரத்தோட சொல்லிட்டாரு. இத நான் படிச்சன்னைக்கு எனக்கு அந்த மனுஷன் மேல மரியாதை வந்துச்சு, ஏன்னா எங்கள அலைய வச்ச ஒரு சென்டர்ல, முதல் ரிப்போர்ட் தப்புன்னு தெரிஞ்சப்புறமும் ஒரு வார்த்த ஒத்துக்கல, அதனால 8 மாசம் என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் தப்பான மருந்து சாப்பிட்டாங்க.

உங்க ஆளுக்கும் இதே மாதிரி பாருங்க. பப்மெட்ல ஒவ்வொரு கட்டுரைக்குக் கீழயும் திருத்தம் வந்திருக்கா, யாராவது கருத்து எழுதியிருக்காங்களா, திரும்பப் பெறப்பட்டதான்னு குறிச்சிருக்கும். ரிட்ராக்‌ஷன் வாட்ச்னு திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளோட டேட்டாபேஸ் ஒண்ணு இருக்கு, வெளியான கட்டுரைகள்ல இருக்குற குறைய மத்தவங்க விவாதிக்கிற பப்பியர்னு ஒரு தளம் இருக்கு, ரெண்டுலயும் பேரப் போட்டுப் பாருங்க. ஒரு திருத்தம் இருந்தா பயப்படவேண்டாம், தானா முன்வந்து திருத்துனாங்களா இல்ல மத்தவங்க பிடிச்சப்புறம் சத்தமில்லாம எடுத்தாங்களான்னுதான் பாக்கணும்.

அடுத்த கேள்வி, வேற ஊர்ல வேற ஆளுங்க செஞ்சு பாத்து அதே பதில் வந்துச்சா. 1995க்கு அடுத்த வருஷமே ஜெர்மனியில பீட்டர் ஃபோக்ட் குழு, ஒய்ல ஒரு எடம் இல்ல மூணு எடம் இருக்கு, ஏஇசட்எஃப் ஏ, பி, சின்னு பிரிச்சாங்க, இன்னைக்கு எல்லா ரிப்போர்ட்டும் அந்தப் பேர்லதான் வருது, அதாவது பேஜ் சொன்ன பகுதி அதுல சிங்கிற ஒண்ணுதான். நம்ம நாட்டுல ஹைதராபாத்ல சிசிஎம்பிங்கிற அரசு ஆராய்ச்சி நிலையத்துல கே. தங்கராஜ், லால்ஜி சிங் குழு 2003ல விந்தணு இல்லாத 340 இந்தியர்களப் பாத்து 29 பேருக்கு, அதாவது 8.5 சதவீதத்துக்கு ஒய்ல துண்டு காணோம்னு பதிவு பண்ணாங்க. அங்க 89க்கு 12, இங்க 340க்கு 29, சதவீதம் ஒண்ணா இல்லியேன்னு கேப்பீங்க, யார உள்ள எடுத்தாங்க, ஒய்ல எத்தன மார்க்கர், அதாவது அடையாள எடம் வச்சுப் பாத்தாங்கங்கிறதப் பொறுத்து அது மாறும், ஆனா விஷயம் உண்மைன்னு ரெண்டு கண்டத்துலேருந்தும் வந்தாச்சு. இந்தியாவுல யார் ரெக்கார்டைப் பாக்குறீங்களோ அவங்க நம்ம மக்கள் சாம்பிள்ல செஞ்சு பாத்திருக்காங்களான்னு கண்டிப்பா பாருங்க.

லேப்ல முடிஞ்சது நோயாளிகிட்ட வந்துச்சான்னு பாக்குறதுதான் என்னைப் பொறுத்தவரை கடைசி சோதனை. உங்ககிட்ட ஒய் மைக்ரோடெலீஷன் ரிப்போர்ட் இருந்தா எடுத்து வச்சுப் பாருங்க. எஸ்ஒய் 84, 86 ஏவுக்கு, 127, 134 பிக்கு, 254, 255 சிக்குன்னு வரிசையா இருக்கும், அந்த எஸ்ஒய் நம்பர் வரிசை 1992ல பேஜ் லேப் போட்ட ஒய் மேப்ல ஆரம்பிச்சது. அதுக்குக் கீழ எஸ்ஆர்ஒய்னு ஒண்ணு, இசட்எஃப்எக்ஸ்/இசட்எஃப்ஒய்னு ஒண்ணு இருக்கும், டெஸ்ட் ஒழுங்கா நடந்துச்சான்னு சரிபாக்குற கன்ட்ரோல் அது. ஆமா, 1987ல ஆண் ஜீன்னு தப்பா நெனச்ச அதே இசட்எஃப்ஒய்தான். ஐரோப்பிய ஆண்ட்ராலஜி (ஆண் இனப்பெருக்க மருத்துவம்) சங்கத்தோட வழிகாட்டியே இந்த மார்க்கர்களத்தான் சொல்லுது. ஏ இல்ல பி முழுசா போயிருந்தா விரையிலேருந்து அறுவை பண்ணி எடுத்தாலும் விந்தணு கிடைக்க வாய்ப்பு கிட்டத்தட்ட இல்ல, சி மட்டும் போயிருந்தா பாதிக்குப் பாதி கிடைக்கும், அதனால இந்த மூணு எழுத்து தெரியாம யாரும் சர்ஜரிக்குக் கையெழுத்து போடாதீங்க.

1999ல பேஜும் சில்பரும் சேந்து எழுதுன கட்டுரை எங்க வீட்டுல பெரிய பேச்சாச்சு. 1992ல பிரஸ்ஸல்ஸ்ல இக்ஸி முறையில, அதாவது ஒரே ஒரு விந்தணுவ முட்டைக்குள்ள ஊசியால வைக்கிற முறையில குழந்தை பொறந்தாச்சு, அதனால சி போனவங்களுக்கும் பிள்ளை பிறக்குது, ஆனா பொறக்குறது பையனா இருந்தா அதே ஒய்தான் போகும், அவனுக்கும் வளந்தப்புறம் இதே பிரச்சனை வர வாய்ப்பு அதிகம்னு அதுல சொல்லியிருந்தாங்க. பொண்ணுக்கு அப்பாவோட ஒய் போகாது. நல்ல செய்திய மட்டும் சொல்லி நிறுத்தாம மறுபக்கத்தையும் தானே எழுதுற ஆராய்ச்சியாளர நம்பலாம்.

அவர்கிட்ட படிச்சவங்க எங்க போனாங்கன்னும் ஒரு பார்வை பாருங்க. 2001ல ஜெரமி வாங் பேஜ் லேப்ல இருந்தப்ப, எலியோட விந்தணு மூலசெல்கள்ல மட்டும் வேலை செய்ற 25 ஜீன கண்டுபிடிச்சாங்க, அதுல 10 எக்ஸ் குரோமோசோம்ல இருந்துச்சு, ஆண் விஷயம்னா ஒய் மட்டும்தான்னு நெனச்சவங்களுக்கு அது அதிர்ச்சி. அதுல ஒண்ணு டெக்ஸ்11, வாங் தனியா லேப் ஆரம்பிச்சு அதையே தொடர்ந்தாரு, 2015ல பிட்ஸ்பர்க்ல வேற ஒரு குழு, விந்தணு இல்லாத ஆண்கள்கிட்ட அதே ஜீன்ல பழுது இருக்குன்னு காட்டுச்சு. லேபோட ரெக்கார்டுல இதையும் சேத்துதான் எழுதணும்.

எல்லாத்துக்கும் எல்லை இருக்கு, அதையும் ரெக்கார்டுலயே பாக்கலாம். 2003ல பேஜ் லேபும் செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் யூனிவர்சிட்டியும் சேந்து போட்ட ஒய் வரிசை பெரிய வேலை, 8 கண்ணாடி பிம்பம் மாதிரி அமைப்பு இருக்கு, அதுல பெருசு 29 லட்சம் எழுத்து நீளம், ரெண்டு பக்கமும் 99.97 சதவீதம் ஒண்ணுபோல இருக்கு, இப்படி ஒரே மாதிரி இருக்குறதாலதான் ஒண்ணோட ஒண்ணு மாட்டி நடுவுல இருக்குறது வெட்டுப்பட்டுப் போகுதுன்னு புரிஞ்சுது. என் தம்பிக்கு ஏன் இப்படி ஆச்சுன்னா அவன் செஞ்ச எதனாலயும் இல்ல, இந்த அமைப்பாலன்னு எங்க அம்மாவுக்குப் புரிய வச்சது இதுதான். ஆனா ஒய்யோட பாதிக்கு மேல அப்ப படிக்க முடியாமலே இருந்துச்சு, 2023ல வேற ஒரு பெரிய கூட்டுக் குழுதான் 6.2 கோடி எழுத்தையும் முழுசா படிச்சு முடிச்சாங்க. அதனால யாரோட கட்டுரைய படிச்சாலும் வருஷத்தப் பாத்துட்டு, அதே தலைப்புல அதுக்கப்புறம் என்ன வந்திருக்குன்னு ஒரு தேடல் போட்டுடுங்க.

முழுக் கட்டுரைக்குக் காசு கேட்டா பப்மெட் சென்ட்ரல்ல இலவசமா இருக்கான்னு பாருங்க, இல்லன்னா கட்டுரையில தொடர்புக்குன்னு போட்டிருக்குற ஆசிரியருக்கே ரெண்டு வரி மெயில் போடுங்க, நெறைய பேர் அனுப்பி வைப்பாங்க. மருந்து சம்பந்தப்பட்ட ஆராய்ச்சியா இருந்தா காசு குடுத்தது யாருன்னு கடைசிப் பக்கத்துல இருக்கும், இந்தியாவுல நடந்த ட்ரையல்னா சிடிஆர்ஐ, அதாவது நம்ம நாட்டு மருத்துவ ட்ரையல்களப் பதியிற பட்டியலோட எண் இருக்கான்னு பாத்துட்டு, அந்தப் பதிவுல எத அளக்கப்போறோம்னு சொன்னாங்களோ அதத்தான் கட்டுரையிலயும் அளந்திருக்காங்களான்னு ஒப்பிடுங்க.

டாக்டர பாக்கப் போறப்ப ஒரு தாள்ல மூணு விஷயம் மட்டும் எழுதி எடுத்துட்டுப் போங்க, உங்க ரிப்போர்ட்ல இருக்குற அந்த வரி, அதப் பத்தி நீங்க படிச்ச கட்டுரையோட தலைப்பும் வருஷமும், அந்தக் கட்டுரையில பாத்தவங்களுக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்னு ஒரு கேள்வி. என் தம்பியும் அவன் பொண்டாட்டியும் சேந்தே போனாங்க, அந்தத் தாள அவதான் கைல வச்சிருந்தா.